எங்கட வாய்க்கு மட்டுமான சுதந்திரம்

2023 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த ஒரு விரிவுரை நடக்கவில்லை. இலங்கையில் நீதித்துறைச் சுதந்திரம் எதிர்நோக்கும் நெருக்கடி பற்றிய விரிவுரை அது. பேச இருந்தவர் சட்டத்தரணியும் தொழிற்சங்கச் செயற்பாட்டாளருமான சுவஸ்திகா அருலிங்கம். அவர் முன்பு வேறோர் இடத்தில் விடுதலைப் புலிகளைப் பாசிச அமைப்பு என்று சொல்லியிருந்தார். அதை முன்வைத்து மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புக் காட்ட, விரிவுரை நிறுத்தப்பட்டது.

சின்ன விசயம்தானே, ஒரு கூட்டம் நடக்காவிட்டால் என்ன குடி மூழ்கிவிடும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியைத் துறந்து நாட்டைவிட்டே போயிருந்தார். குருந்தூர்மலை வழக்கை விசாரித்தவர். பாராளுமன்றத்துக்குள் வைத்தே தாக்கிப் பேசப்பட்டவர். அவருக்கு நடந்ததைக் கண்டித்து யாழ்ப்பாணத்துச் சனம் வீதியில் கைகோத்து நின்றது. ஒரு தமிழ் நீதிபதிக்கே இந்த நாட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றால் மற்றவன் கதி என்ன என்று ஊரெல்லாம் பேச்சு. சரியாக அந்த நேரத்தில், அந்தப் பிரச்சினையையே சட்டம் தெரிந்த ஒருவர் வந்து விளக்க இருந்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிராகத் தொடர்ந்து பேசிவருபவர் அவர். அந்த மண்டபத்தைப் பூட்டியது பொலிசும் இல்லை, ஆமியும் இல்லை. எங்கட ஆக்கள்.

மாணவர்கள் பக்கத்து நியாயத்தையும் முதலில் சரியாகச் சொல்லிவிடவேண்டும். 'இந்த வளாகத்தில் எங்கட அண்ணன் அக்காமாரின் நினைவு இருக்கு. அவர்களைக் கொச்சைப்படுத்தினவருக்கு இங்க மேடை குடுக்கிறது எங்களை அவமதிக்கிறது. வேற எங்கயும் போய்ப் பேசட்டும்.' இந்தக் கோபத்தைக் கேலி செய்கிற உரிமை எங்களுக்கு இல்லை. 2023இல் 22 வயதான ஒரு மாணவர் முள்ளிவாய்க்காலில் எட்டு வயதுப் பிள்ளை. பங்கருக்குள் இருந்து எழும்பி வந்த பிள்ளை. புலிகள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த அமைப்பு இல்லை. மாமாவோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அண்ணாவோ. அந்த அண்ணாவுக்கு விளக்கேற்றினால் பொலிஸ் வரும் என்ற நாட்டில்தான் அவர் வளர்ந்தார்.

ஆனால் அதே வளாகத்தில் 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு என்ன நடந்தது என்பதும் அந்த மாணவர்களுக்குத் தெரியும். முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இரவோடு இரவாக இடித்துத் தள்ளினார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடிக்கல் திரும்ப நாட்டப்பட்டது, அந்த ஏப்ரலிலேயே தூபி மீண்டது. அன்று இடித்தவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம் என்ன? இது நல்லிணக்கத்துக்கு உகந்ததில்லை, மற்றவர்களின் மனதைப் புண்படுத்தும், பல்கலைக்கழகம் இதற்கான இடமில்லை. அந்த நியாயத்தையும் 2023இல் விரிவுரைக்கு எதிராகச் சொல்லப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கோ. மனம் புண்படும், இடம் இதுவல்ல. ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

'ரெண்டும் ஒண்டா? அரசாங்கம் செய்யிறதும் பெடியள் செய்யிறதும் ஒண்டா?' என்று உடனே கேட்பீர்கள். ஒன்றில்லை. அரசிடம் சிறை இருக்கிறது, இராணுவம் இருக்கிறது, ஒருவரைக் குற்றப்பத்திரிகை இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் சட்டம் இருக்கிறது. மாணவர்களிடம் பதாகையும் தொண்டையும்தான். இதை ஒரே தராசில் போட்டு 'இரு தரப்பும்' என்று பேசுவது கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளின் பழைய வியாதி, எங்களுக்கு அது வேண்டாம். எதிர்ப்பும் ஒரு பேச்சுத்தான். வாசலில் கறுப்புக் கொடியோடு நிற்கலாம், மண்டபத்துக்குள் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு இருக்கலாம், கேள்வி நேரத்தில் எழும்பி 'பாசிசம் என்று எதை வைத்துச் சொன்னீங்கள்?' என்று வியர்க்க வைக்கலாம். அப்படி நடந்திருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம். கேட்க வந்த மற்ற மாணவரின் காதையும் சேர்த்துப் பொத்தியதில்தான் எங்களுக்குப் பிரச்சினை.

அந்தப் 'பாசிசம்' என்ற சொல்லைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒடுக்கப்பட்ட இனத்தின் ஆயுத இயக்கம் ஒன்றுக்கு ஐரோப்பாவில் இருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டினால் யோசிக்கிற வேலை மிச்சம், விளக்கம் குறைவு என்பது எங்களில் சிலரின் நிலைப்பாடு. அப்ப 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெறும் கையோடு துரத்தியதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாய் என்று மற்றவர்கள் கேட்பார்கள். இந்த வாதம் முடியவில்லை. முடியாத வாதத்துக்குத்தான் பல்கலைக்கழகம் என்ற ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்த வளாகத்துக்கு இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர். இந்திய இராணுவம் செய்ததையும் எழுதினார்கள், புலிகள் செய்ததையும் எழுதினார்கள், மற்ற இயக்கங்கள் செய்ததையும் எழுதினார்கள். கொலையைச் செய்தது புலிகள் என்று அவரோடு வேலைசெய்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1992இல் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தபோது அவர் தடுப்பில் இருந்தார். திரும்பி வரவேயில்லை. நிமலராஜனுக்கும், நடேசனுக்கும், சிவராமுக்கும் நாங்கள் நினைவுநாள் செய்கிறோம். செய்யவேண்டும். எழுதியதற்காகக் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் ராஜினியையும் செல்வியையும் சேர்க்கும்போது மட்டும் ஏன் குரல் இறங்குகிறது?

எங்கள் கணிப்பில் இதற்கு அடியில் இருப்பது ஒரு சாக்குப் பை. துரோகி, புலி, என்ஜிஓ, இனவாதி, கொழும்புத் தமிழர், இடதுசாரி என்று வெளியில் மையால் எழுதிய சாக்கு. ஒரு ஆளைப் பிடித்து அதற்குள் போட்டுவிட்டால் பிறகு அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. சாக்கின் பெயரே பதில். சுவஸ்திகாவின் விரிவுரையில் என்ன இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது; 'அவ அந்தக் கோஷ்டி' என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே சாக்குத்தான். பிரசன்ன விதானகே ஒரு சிங்கள இயக்குநர். அவருடைய 'புரஹந்த களுவர' படத்தில், போரில் செத்துவிட்டதாகச் சீல் வைத்த பெட்டியில் அனுப்பப்பட்ட மகனின் சாவை நம்ப மறுக்கிறார் கண் தெரியாத ஒரு தகப்பன். 2000ஆம் ஆண்டு அரசு அந்தப் படத்தைத் தடுத்தது. சண்டை நடக்கும்போது சிப்பாயின் மனவுறுதியைக் குலைக்கும் படம் என்பது அவர்கள் பயம். உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவரால் அதைத் திரையிட முடிந்தது. பிறகு 'ஒப நத்துவ ஒப எக்க' என்று இன்னொரு படம் எடுத்தார். தமிழ்ப் பெண் ஒருத்தி, தன்னைக் கட்டியவன் முன்னாள் சிப்பாய் என்று அறிந்தபின் அந்த வீட்டுக்குள் எப்படி மூச்சுவிடுவது என்று தவிக்கிற கதை. சிங்களப் பார்வையாளனைக் கூச வைக்கிற படம். 2014 யூனில் அது சென்னையில் ஓட இருந்தபோது மிரட்டல் வந்து திரையரங்குகள் பின்வாங்கின. ஏன்? இயக்குநர் சிங்களவர். அவ்வளவுதான். அவரைத் தடுத்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பரம எதிரி என்று நினைப்பவை.

முத்தையா முரளிதரனின் கதை இன்னும் சிக்கல். அவருடைய அரசியலோடு எங்களுக்கு ஒரு உடன்பாடும் இல்லை. ராஜபக்ச குடும்பத்தைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகளைக் கேட்டு எரிச்சல் வராத தமிழர் குறைவு. அதை எழுதலாம், திட்டலாம், படத்தைப் புறக்கணிக்கலாம். ஆனால் 2020 ஒக்ரோபரில் '800' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதிக்கு நடந்தது விமர்சனம் மட்டுமில்லை. அவருடைய மகளைப் பாலியல் வன்முறை செய்வேன் என்று ஒருவர் பதிவு போட்டார். இனத்தின் மானத்தைக் காக்க ஒரு சின்னப் பிள்ளையை இழுத்த அந்தப் பதிவைக் கண்டித்த எங்கட ஆக்களில் பலர்கூட 'செய்தது பிழை, ஆனால்...' என்று ஒரு 'ஆனால்' வைத்தார்கள். 1977 கலவரத்தில் தன் குடும்பம் தாக்கப்பட்டதைப் பற்றி முரளிதரன் அந்த நேரம் அறிக்கை விட்டார். மலையகத்துத் தமிழனின் அந்தக் காயம் எங்கட கணக்கில் ஏறவில்லை. சாக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

இப்போது திருப்பிப் பார்ப்போம். இந்தச் சாக்கின் உள்பக்கம் எப்படி நாறும் என்று எங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய ஒவ்வொரு தமிழனும் 'கொட்டியா' என்ற சாக்குக்குள் இருந்தவன். வவுனியாவில் பிறந்த இடம் என்று அட்டையில் இருந்தாலே போதும். கதை எழுதினவன், கட்டுரை எழுதினவன், ஒன்றும் எழுதாதவன் எல்லாரும் ஒன்று. திஸ்ஸநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் 20 வருடச் சிறைத் தண்டனை விதித்தது இரண்டு கட்டுரைகளையும் அதோடு சேர்ந்த சந்தேகத்தையும் வைத்துத்தான். கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதை விட எழுதினவர் யார் என்பதே வழக்கு.

2019 ஏப்ரலுக்குப் பிறகு அதே சாக்கு முஸ்லிம் சனத்துக்கு மாறியது. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். காரணம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பு. நல்ல தமிழில், தமிழில் மட்டும், எழுதப்பட்ட கவிதைகள். தீவிரவாதத்தைக் கண்டிக்கிற கவிதைகளும் அதில் உண்டு. தமிழ் தெரியாத அதிகாரிகள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அதைத் தீவிரவாதப் புத்தகம் என்றார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக ஒரு கவிஞர் சிறையில் இருந்த அந்த மாதங்களில் குரல் கொடுத்த தமிழ் எழுத்தாளர்கள் இருந்தார்கள்தான். ஆனால் மாவீரர் நாள் கைதுகளுக்கு எழும்புகிற சத்தம் எங்கே, அது எங்கே? தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், பொலிஸ் பெட்டிக்குள் கிடந்த அந்தத் தமிழைப் பற்றி என்ன பேசினார்கள்?

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேண்டும், ஏனென்றால் சாக்கைக் கட்டுகிற கயிறு அதுதான். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கென்று வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, பாகுபாட்டையோ பகையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைத் தடுக்கிறது. எழுத்தில் நல்ல பிரிவு. சிறுபான்மையைக் காக்க வந்தது என்று நம்பக்கூடிய பிரிவு. அதை வைத்து யாரைப் பிடித்தார்கள்? பிக்குமடத்தில் நடக்கும் துஷ்பிரயோகத்தைக் கோடிகாட்டிக் கதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை, 2019இல். நாலு மாதம் உள்ளே. பேனையாலும் கீபோர்ட்டாலும் கருத்துப் போர் செய்வோம் என்று பேஸ்புக்கில் எழுதிய ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்சி ராசீக்கை, 2020இல். ஐந்து மாதம். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2023 நவம்பர் ஆனது. நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரியவை 2023 மே மாதம் கட்டுநாயக்காவில் வைத்து. ஐந்து கிழமை.

நடாஷாவின் வீடியோ பரவின நேரம் எங்கட பக்கத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. 'பௌத்தத்தைப் பற்றிக் கதைச்சால் சிங்களத்திக்கும் இதுதான் கதி, நல்லா வேணும்.' இன்னொரு பக்கம் 'புத்தரைத்தானே சொன்னவ, நல்லாச் சொன்னா' என்ற குதூகலம். இரண்டிலும் ஒரு கேள்வி இல்லை: நல்லூரானைப் பற்றியோ மடுமாதாவைப் பற்றியோ ஒரு தமிழ்ப் பெண் அதே மாதிரி ஒரு ஜோக் சொன்னால் அவரை எங்கே நிறுத்தி வைப்போம்?

ஞானசார தேரரின் விசயத்தில்தான் எங்கட வாதத்துக்கு உண்மையான சோதனை. 2025 ஜனவரியில் இஸ்லாத்தை அவமதித்துப் பேசியதற்காக அவருக்கு ஒன்பது மாதச் சிறை. நாங்கள் கண்ணீர் விடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்களிடம் ஒன்று கேட்கிறோம். 2014 யூன் 15ஆம் திகதி அளுத்கமையில் அவர் கூட்டம் போட்டுப் பேசினார். அன்றே கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தப் பேச்சுக்காக அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? ஒன்றுமில்லை. கூட்டத்தை உசுப்பிவிட்டு அடுத்த தெருவுக்கு அனுப்புகிற பேச்சு வேறு, ஒரு மதத்தை, ஒரு கடவுளை, ஒரு இயக்கத்தை இழிவாகச் சொல்கிற பேச்சு வேறு. முதலாவதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அரசு இரண்டாவதற்கு மட்டும் விலங்கு கொண்டு வருகிறது. இரண்டாவதைக் குற்றமாக்கி வைத்திருக்கிற வரைக்கும் அந்த விலங்கு ஞானசாரவின் கையைத் தேடிப் போவது பத்து வருடத்துக்கு ஒருக்கா, அஹ்னாபின் கையைத் தேடி வருவது அடுத்த கிழமை. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இதே விலங்குதான், புதுசாகப் பூசிய எண்ணெயோடு.

எதிராளியைச் சாக்கில் போடுவது தேசியவாதிகளின் பழக்கம் மட்டும் என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். அந்த விரிவுரை நின்றபோது முற்போக்கு என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற சிலர் எழுதியதைப் பார்த்தோம். 'யாழ்ப்பாணக் கம்பஸ் பாசிசக் குட்டிகளின் பண்ணை', 'புலிவால்கள் படிக்க வரயில்லை'. பல்லாயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம் அது. சிங்கள மாணவர்கள் படிக்கிறார்கள், முஸ்லிம் மாணவர்கள் படிக்கிறார்கள், விரிவுரையைக் கேட்க விரும்பியவர்கள் படிக்கிறார்கள், அரசியலே வேண்டாம் என்று கம்பஸ் முடிய வெளிநாட்டுக்கு விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் படிக்கிறார்கள். எதிர்த்த மாணவர்களில்கூட எத்தனை விதம்! ஒருவரின் அண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர், இன்னொருவர் கட்சிக்காரரின் பிடியில் இருப்பவர், மூன்றாமவர் நண்பன் கூப்பிட்டதால் வந்தவர். இவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால் அவர்களோடு எந்த மொழியில் பேசப் போகிறீர்கள்?

2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகும் இதே கூத்து. யாழ் மாவட்டத்தில் 80,000க்கு மேற்பட்டவர்கள் தேசிய மக்கள் சக்திக்கு வாக்குப் போட்டார்கள், ஆறில் மூன்று ஆசனம் போனது. உடனே அந்த எண்பதாயிரம் பேரும் விலைபோனவர்கள், மானம் கெட்டவர்கள். வடக்குக் கிழக்கு இணைப்பைப் பிரிக்க நீதிமன்றம் போன ஜேவிபியை மறந்துவிட்டார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. நாங்களும் அதைக் கேட்கிறோம், உரக்கக் கேட்கிறோம். ஆனால் கேள்வியை அந்தக் கட்சியிடம் கேட்கவேண்டும், பாணின் விலையையும் பழைய எம்பிமாரின் வாகனத்தையும் பார்த்து வெறுத்துப்போன ஒரு அம்மாவைத் துரோகி என்று சொல்லிக் கேட்கக்கூடாது. அந்தக் கட்சிகூட ஒரு கல்லில் செதுக்கிய உருவம் இல்லை. அதன் பொதுச் செயலாளராக இருந்த லயனல் போப்பகே தேசிய இனப் பிரச்சினையில் கட்சி எடுத்த நிலைப்பாட்டோடு முரண்பட்டு 1984இல் வெளியேறினார். 'ஜேவிபிக்காரன் எல்லாம் ஒண்டுதான்' என்கிற வசனத்தில் அவருக்கு இடமே இல்லை.

'அவங்கள் எங்களுக்காக எப்ப பேசினவங்கள்?' இது கடைசியாக வருகிற கேள்வி, கனமான கேள்வியும் அதுதான். 2009இல் தெற்கில் பாற்சோறு காய்ச்சிக் கொண்டாடினார்கள். அது எங்கட கற்பனை இல்லை. சம்பூரில் கஞ்சி காய்ச்சிய பெண்களை 2024 மே மாதம் பிடித்துக்கொண்டு போனபோது தெற்கின் பெரும்பகுதிக்கு அது செய்தியே இல்லை. அந்த மௌனத்தை மன்னிக்கச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஆனால் 2022 மே 18இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வாங்கிக் குடித்த சிங்களப் பெடியனும் இருந்தான். 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்ட பிரகீத் எக்னலிகொட, போரில் தமிழ்ச் சனத்தின் மீது இரசாயன ஆயுதம் பாவிக்கப்பட்டதா என்று தேடிக்கொண்டிருந்தவர் என்று அவருடைய மனைவி சந்தியா சொல்கிறார். சந்தியா இன்றைக்கும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறார். பிக்குமாரின் வசையை வாங்கியிருக்கிறார். வடக்கில் வீதியோரக் கொட்டகையில் பிள்ளைகளின் படத்தோடு இருக்கும் அம்மாமாரின் பக்கத்தில் வந்து இருந்திருக்கிறார்.

அவர் ஒருநாள் யாழ்ப்பாணம் வந்து, தன் புருசனைக் கொண்டுபோனவர்களைப் பற்றியும், எங்கட இயக்கங்கள் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றியும் ஒரே மேடையில் பேசவேண்டும் என்று கேட்டால், எந்த மண்டபத்தின் திறப்பைக் கொடுப்போம்?